இருமாமல்

தண்டர் பே. பிப்ரவரி. பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
தானியக் கிடங்கில் நாற்பது வருடம் கோதுமைத் தூசி தின்ற
எய்னோ லாஹ்தினென்
கடிதப் பெட்டிவரை நடந்துபோய்
பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.
எலும்பு தோலைக் கிழித்து எட்டிப் பார்க்கிறது.
மூக்கில் விட்ட பஞ்சுக்குச்சி சொன்னது:
இன்ஃபுளுவன்சாவும் கூட வந்திருக்கிறது.

எலும்பு டாக்டருக்கு எலும்பு தெரிகிறது.
எனக்கு அந்த மார்பு.
இருமும் ஒவ்வொரு முறையும்
அறையிலுள்ள ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

முதுகில் ஊசி போடலாம் என்றுதான் நினைத்தேன்.
இடுப்புக்குக் கீழே மட்டும் உறக்கம்,
மூச்சுக்குழாய்ப் பக்கமே போகவேண்டாம்;
மாஸ்க்கோடு அவர் பாட்டுக்கு விழித்திருப்பார்.
“இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா?”
“காலையில் போட்டேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.”
சொல்லும்போது பள்ளிப் பிள்ளையின் பெருமை.
அந்தக் கதவு மூடியாயிற்று.
கால் நரம்பை மட்டும் மரக்கச் செய்யலாமே என்றேன்.
வீக்கம் முற்றினால் வலிதான் முதலில் சொல்லும்,
அதன் வாயைக் கட்டாதே என்கிறார் எலும்பு டாக்டர்.
அவர் சொல்வதும் நியாயம்தான்.

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள்போல
மருந்துத் தட்டின் முன் நிற்கிறேன்.
டெஸ்ஃபுளூரேன் வேகமாய் வரும், வேகமாய்ப் போகும்,
போகிற வழியில் தொண்டையைச் சுரண்டும். வேண்டாம்.
கெட்டமின் வாயில் எச்சிலை ஊறவைக்கும்.
ஃபென்டனில்,
இருமலை அடக்கத் தெரிந்த அதுவே
அவசரப்பட்டுச் செலுத்தினால் இருமலை எழுப்பும்.
படிக்கும்போது நான் இதை நம்பவில்லை.
பிறகு ஒருநாள் நம்பினேன்,
ஒரு முழ தூரத்தில், நேருக்கு நேர்.

ஆகவே முதலில் லிக்னோகெய்ன், இரத்தக் குழாய் வழியே.
அதன் பின்னால் ஃபென்டனில், கொஞ்சமாய், மெல்ல.
எழுபத்தொன்பது வயதுக்கு அளந்த புரோபோஃபால்.
ரொக்குரோனியத்தில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது:
அரைகுறையாய்த் தளர்ந்த தொண்டைதான்
குழாயைக் கண்டதும் சீறும்.

இரட்டைக் கையுறை. கண்ணாடியில் என் மூச்சின் ஆவி.
துவாரகா என்ற பெயரை மார்லீன்
‘டுவா’ என்று சுருக்கி என் மேலங்கியில் ஒட்டியிருக்கிறாள்.
“அறுபது எண்ணு, மார்லீன்.”

பதினைந்தில் அவர் மார்பு நின்றது.
இருபத்தைந்தில் தொண்ணூற்றாறு.
முப்பத்தைந்தில் தொண்ணூற்றிரண்டு,
மானிட்டரின் சுரம் ஒரு படி இறங்குகிறது.
பையை ஒருமுறை அமுக்கினால் போதும், ஏறிவிடும்.
அமுக்கினால் மாஸ்க்கின் ஓரத்தால்
அவருடைய காற்று நம்முடையதாகிவிடும்.
என் வலது கைக்கு இது எதுவும் தெரியாது.
இருபது வருடம் அமுக்கிப் பழகிய கை,
தானாய் மடங்குகிறது. நான் விரிக்கிறேன்.
எண்பத்தொன்பதுக்கு இறங்கினால் அமுக்குவேன்
என்று எனக்குள் ஒரு கோடு கிழித்தேன்.
தொண்ணூறு.
தொண்ணூறு.
“அறுபது,” என்றாள் மார்லீன்.

குரல்நாண்கள் திறந்த வாசல்போல அசையாமல் கிடந்தன.
குழாய் போயிற்று, அதன் பலூன் நிறைந்தது,
அதற்குப் பிறகுதான் முதல் காற்று.
யாரும் பேசவில்லை. எலும்பு டாக்டர் மட்டும்
வானொலி போடலாமா என்று கேட்டார்.

தூங்க வைப்பது பாதி வேலைதான்.
எழும்போதுதான் எல்லோரும் இருமுவார்கள்.
சுகமடெக்ஸ் கொடுத்துத் தசைகளை அவரிடமே திருப்பி,
மீண்டும் கொஞ்சம் லிக்னோகெய்ன்,
விளக்கைத் தணித்து, தோளைத் தட்டாமல்,
பெயரை மட்டும் ஒருமுறை சொல்லி,
குழாயை எடுத்தேன்.
விழித்தார். விழுங்கினார்.
எதையோ தேடினார்.
பிறகு இருமினார்.
ஒன்றே ஒன்று. சின்னது.

அத்தனை மருந்தும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பிறகும்
அவருக்கென்று ஒன்றை மிச்சம் வைத்திருந்தார்.
காற்று மாறும்வரை அறையில் காத்திருந்தோம்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி,
ஒருவரையொருவர் பார்க்காமல்.

அதிகாலை, வாகனத் தரிப்பிடம்.
மாஸ்க் பதித்த கோடுகள் கன்னத்தில் எரிகின்றன.
ஏரிக் காற்று தொண்டையில் குத்தியதும்
இருமினேன்.
சிகரெட்டோடு நின்ற ஒருவர்
இரண்டடி தள்ளிப் போனார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
இன்னும் ஓரடி போகலாம் என்றே தோன்றியது.